அம்மாவின் க்ரெடிட் நோட்டும் 1936-ஆம் வருடச் சட்டமும்

இந்த வாரம் வேறொரு டாபிக் பேசறதா இருந்தேன். ரிசர்ச் எல்லாம் முடிச்சு வெச்சிருந்தேன். அப்புறம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அம்மா கடைக்குப் போயிட்டு வெறுங்கையோட திரும்பி வந்தாங்க. பிளான் மாறிடுச்சு.

நடந்தது இதுதான். நாலு மாசத்துக்கு முன்னாடி, சித்தி பொண்ணு வளைகாப்புக்குக் கட்டறதுக்காக அம்மா ஒரு சாஃப்ட் சில்க் புடவை எடுத்தாங்க. தி.நகர்ல பெரிய கடை, பேர் வேண்டாம். விலை 8,450 ரூபாய். வீட்டுக்கு வந்து மடிப்பைப் பிரிச்சா, முந்தானைக்கிட்ட ஜரிகை இழை விட்டுப்போய் ரெண்டு இன்ச்சுக்கு ஓட்டை மாதிரி தெரியுது. மூணாவது நாளே பில்லோட எடுத்துட்டுப் போனாங்க. கடைக்காரர் புடவையைப் பார்த்தார், குறைதான்னு ஒத்துக்கிட்டார், சண்டையெல்லாம் இல்லை. "பணமா தர முடியாதும்மா, பில் போட்டாச்சு. க்ரெடிட் நோட் போட்டுத் தர்றேன், எப்ப வேணா வந்து வேற எடுத்துக்கோங்க"ன்னு ஒரு சின்னச் சீட்டு கொடுத்தார்.

"எப்ப வேணா"ன்னு வாய் சொல்லிச்சு. சீட்டு 90 நாள்னு சொல்லிச்சு. அதுவும் அடியில, எறும்பு ஊர்ற சைஸ் எழுத்துல. நடுவுல அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். அவங்க போனது 94-ஆவது நாள். தெர்மல் பேப்பர் வேற, எழுத்தெல்லாம் பாதி மங்கிப் போச்சு. கம்ப்யூட்டர்ல நம்பரைப் போட்டுப் பார்த்துட்டு "எக்ஸ்பயர் ஆயிடுச்சும்மா"ன்னு சொல்லிட்டாங்க.

வீட்டுக்கு வந்து அம்மா சொன்னது: "நம்ம தப்புதான்டா, தேதியைப் பாக்கலை."

8,450 ரூபாய் போனதைவிட எனக்கு இந்த வாக்கியம்தான் உறுத்திச்சு. குறையுள்ள பொருளை வித்தது அவங்க, பணத்தை வெச்சுக்கிட்டது அவங்க, தேதி போட்டது அவங்க. தப்பு மட்டும் எப்படி அம்மாவோடது ஆச்சு? இதைத் தேடப் போய்த்தான் 1930-களுக்குப் போயிட்டேன். வாங்க, நீங்களும் வாங்க.

முதல்ல இந்தச் சீட்டு என்னன்னு பார்த்துடுவோம். க்ரெடிட் நோட் என்பது கணக்குப் புத்தகத்துச் சொல். விற்றவர், வாங்கியவர் பெயரில் இவ்வளவு வரவு வைத்திருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கும் ஆவணம். ஜிஎஸ்டி சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி, விற்ற பொருள் திரும்பி வந்தால் கடைக்காரர் க்ரெடிட் நோட் போட்டு, கட்ட வேண்டிய வரியைக் குறைத்துக்கொள்ளலாம். அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரைக்கும் அதற்கு நேரம் உண்டு. ஆக, "பில் போட்டாச்சு, ஜிஎஸ்டி ப்ராப்ளம்" என்பது ப்ராப்ளமே இல்லை. வரிக்கணக்கைச் சரிசெய்யத்தான் அந்தக் காகிதம். வாடிக்கையாளருக்குப் பணம் தரக் கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை.

ஆனா கடைகள் கையில அந்தக் காகிதம் வேற ஒண்ணா மாறிடுச்சு. அது ஒரு டோக்கன். அந்த ஒரு கடையில மட்டும் செல்லும், அவங்க வெச்ச விலைக்கு மட்டும் செல்லும், அவங்க சொன்ன தேதி வரைக்கும்தான் செல்லும். நான் வேலை பார்க்கிறது பேமென்ட் சாஃப்ட்வேர் பக்கம், அதனால ரிசர்வ் வங்கி விதிகள் ஓரளவு பழக்கம். ஒரு நிறுவனம் தன்னிடமே பொருள் வாங்க மட்டும் கொடுக்கிற, பணமாக எடுக்க முடியாத கார்டு, வாலட் மாதிரி விஷயங்களை அவங்க 'க்ளோஸ்டு சிஸ்டம்'னு சொல்வாங்க. அதுக்கு ரிசர்வ் வங்கி அனுமதி தேவையில்லை. பல கடைகளில் செல்லுகிற வாலட், கிஃப்ட் கார்டு என்றால் குறைந்தது ஒரு வருடமாவது செல்லுபடியாக வேண்டும், காலாவதி ஆவதற்கு முந்தைய 45 நாட்களில் வாடிக்கையாளரை எச்சரிக்க வேண்டும் என்றெல்லாம் விதி இருக்கிறது. அம்மா கையில் இருந்த சீட்டுக்கு அதில் எதுவும் பொருந்தாது.

சரி, இப்போ வரலாறு. 'எங்க கடையில மட்டும் செல்லும் பணம்' என்ற ஐடியா ஸ்டார்ட்அப் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சுரங்க முதலாளிகளும் ஆலை முதலாளிகளும் கூலியில் ஒரு பகுதியைப் பொருளாகவோ டோக்கனாகவோ கொடுத்தார்கள். அந்த டோக்கன் முதலாளியின் கடையில்தான் செல்லும். அங்கே மாவும் வெண்ணெயும் வெளிச்சந்தையைவிட விலை அதிகம், தரம் மட்டம். கூலியைக் குறைக்காமலே கூலியைக் குறைக்கிற வித்தை. இதற்கு 'ட்ரக் சிஸ்டம்' என்று பெயர். ட்ரக் என்றால் இங்கே லாரி இல்லை, பண்டமாற்று. 1831-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ட்ரக் சட்டம் கொண்டுவந்து, குறிப்பிட்ட தொழில்களில் கூலியை நாணயமாகத்தான் தர வேண்டும் என்றது. 1887-இல் அது இன்னும் பல தொழிலாளர்களுக்கு விரிந்தது.

இந்தியாவுக்கு அந்தக் கொள்கை வந்தது 1936-இல். அதற்கு முன் ராயல் கமிஷன் ஒன்று இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1931-இல் அறிக்கை கொடுத்திருந்தது. கூலியைத் தாமதமாகத் தருவது, அபராதம் என்ற பெயரில் பிடிப்பது எல்லாம் பேசுபொருளாக இருந்த நேரம். அப்போது வந்த கூலி வழங்கல் சட்டத்தின் 6-ஆவது பிரிவு ரொம்பச் சின்னதாக இருந்தது: கூலி முழுவதும் புழக்கத்தில் உள்ள நாணயமாகவோ கரன்ஸி நோட்டாகவோதான் தரப்பட வேண்டும். அவ்வளவுதான்.

எனக்கு அதைவிடப் பிடிச்சது 23-ஆவது பிரிவு. இந்தச் சட்டம் தந்த உரிமையைத் தொழிலாளியே எழுதிக் கொடுத்து விட்டுவிட்டாலும், அந்த ஒப்பந்தம் செல்லாது என்றது அது. அதாவது "நீதானே கையெழுத்துப் போட்ட?"னு முதலாளி கேட்க முடியாம இருந்தது. ஏன் அப்படி? பசியோட இருக்கறவன் எதுல வேணா கையெழுத்துப் போடுவான்னு சட்டத்துக்குத் தெரிஞ்சிருந்தது.

இப்போ ஆறு வருஷம் பின்னாடி போங்க. அதே காலனி ஆட்சி 1930-இல் சரக்கு விற்பனைச் சட்டம் கொண்டுவந்தது. அதுவரை இந்த விஷயங்கள் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்துக்குள் ஒரு அத்தியாயமாக இருந்தன. புதிய சட்டத்தின் அடிப்படை, 'வாங்குபவரே விழிப்பாக இரு' என்பது. ஆனால் அதற்கு முக்கியமான விதிவிலக்குகளும் உண்டு. அந்த வகைச் சரக்கை விற்பவரிடம் வர்ணனையை நம்பி வாங்கினால், அது சந்தையில் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத நிபந்தனை. வாங்கும்போது சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத குறைக்கு விற்றவர் பொறுப்பு. மடிப்புக்குள் இருந்த ஓட்டை சரியாக இந்த வகை. நல்ல சட்டம்தானே?

62-ஆவது பிரிவு வரைக்கும் நல்ல சட்டம். சட்டம் தானாகத் தருகிற எந்த உரிமையையும் வெளிப்படையான ஒப்பந்தத்தால் மாற்றலாம், இல்லாமலும் ஆக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. நம்ம ஊர் ஒவ்வொரு கடையிலும் சாமி படத்துக்குப் பக்கத்துல தொங்குமே, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது'ன்னு ஒரு போர்டு, அது உள்ளே வர்ற வாசல் இதுதான். பில்லுக்குப் பின்னாடி அச்சடிச்சுட்டா, வாங்குறவர் ஒத்துக்கிட்டார்னு வாதாடலாம். இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் சட்டத்தில் இருந்த இதே ஓட்டையை 1973-லும் 1977-லும் நுகர்வோர் விஷயத்தில் அடைத்துவிட்டார்கள். நம்முடைய 1930 சட்டத்தில் அந்தப் பிரிவு அப்படியே இருக்கிறது.

கொஞ்சம் நின்னு பாருங்க. 1930 சட்டம் சொல்லுது, கையெழுத்துப் போட்டா உன் உரிமை போச்சு. 1936 சட்டம் சொல்லிச்சு, கையெழுத்தே போட்டிருந்தாலும் உன் உரிமை போகாது. ஒரே மனுஷன்தான். மில்லுல கூலி வாங்கும்போது அவனுக்கு டோக்கன் கொடுக்கக் கூடாது. அந்தக் கூலியை எடுத்துட்டுப் போய் வேட்டி வாங்கி, அது கிழிஞ்சிருந்து திருப்பிக் கொடுத்தா, டோக்கன் கொடுக்கலாம். கோட் ரிவ்யூல இப்படி ஒண்ணு வந்தா நான் மெர்ஜ் பண்ண விடமாட்டேன். ஆனா எண்பது வருஷத்துக்கு மேல ப்ரொடக்ஷன்ல ஓடிச்சு.

இடையில் பேட்ச் போடாமல் இல்லை. 1969-ஆம் ஆண்டின் எம்ஆர்டிபி சட்டம் ஏகபோகங்களைக் கட்டுப்படுத்த வந்தது. அதில் நுகர்வோரை ஏமாற்றும் நடைமுறைகளைத் தடுக்க எதுவும் இல்லை என்று 1978-இல் சச்சார் கமிட்டி சுட்டிக்காட்டியது. 1984-இல் திருத்தம் வந்து 'நியாயமற்ற வணிக நடைமுறை' என்ற சொல் நம் சட்டத்துக்குள் நுழைந்தது. 1986 டிசம்பரில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்து, மாவட்டந்தோறும் நுகர்வோர் மன்றம் என்ற பெரிய கதவைத் திறந்தது. டிசம்பர் 24-ஐத் தேசிய நுகர்வோர் தினமாகக் கொண்டாடுவது அதனால்தான். பொருளில் குறை என்று நிரூபித்தால் சரிசெய்து தரவோ, மாற்றித் தரவோ, விலையைத் திருப்பித் தரவோ மன்றம் உத்தரவிடலாம்.

ஆனா கவனிங்க: கேஸ் போட்டு ஜெயிச்சாத்தான் அது. கவுண்டர்ல நின்னுக்கிட்டு இருக்கிற அம்மாவுக்கு அது கைகொடுக்காது. 1999-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் அச்சடிப்பது நியாயமற்ற வணிக நடைமுறை, அதை நிறுத்துங்கள் என்று மாநிலங்களுக்கு எழுதியது. போர்டுகள் என்னமோ அப்படியேதான் தொங்குது. சில கடைகள்ல ஃப்ரேம் மட்டும் மாறியிருக்கு.

நிஜமான மாற்றம் 2019-இல். பழைய சட்டத்தைத் தூக்கிவிட்டுப் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன் 2(47) பிரிவில் நியாயமற்ற வணிக நடைமுறைகளின் பட்டியலில் புதிதாகச் சேர்ந்த ஒன்று: குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் திருப்பித் தர மறுப்பது. பில்லில் போட்டிருக்கிற காலத்துக்குள், அப்படி எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள். திருப்பித் தர வேண்டியது, கொடுத்த தொகை. சீட்டு என்று அதில் சொல்லவில்லை. முன்பு தீர்ப்புக்குப் பிறகு கிடைக்கும் பரிகாரமாக இருந்தது, இப்போது மறுப்பதே தவறு என்று ஆகிவிட்டது. ஒரு வகையில் 1936-இன் ஆறாம் பிரிவு, 83 வருடம் கழித்துக் கடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

முழுசா வந்து சேர்ந்துச்சான்னா, இல்லை. 'பில்லில் போட்டிருக்கிற காலத்துக்குள்' என்ற இடத்தில் ஒரு பக் இருக்கிறது. அந்தக் காலத்தைத் தீர்மானிப்பது கடை. மூன்று நாள் என்று அச்சடித்துவிட்டால்? 62-ஆவது பிரிவு வாசல் வழியாக வெளியே அனுப்பியது ஜன்னல் வழியாகக் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இன்னொண்ணும் நேர்மையா சொல்லிடணும். இந்த உரிமை குறையுள்ள பொருளுக்குத்தான். சட்டை சைஸ் சரியில்லை, கலர் பிடிக்கலை, வீட்டுக்குப் போனதும் மனசு மாறிடுச்சுன்னா, பணம் திருப்பிக் கேட்க இந்தப் பிரிவுல உரிமை இல்லை. அங்கே கடை க்ரெடிட் நோட் கொடுத்தா அது அவங்க பாலிசி, அவங்க தயவு. வாங்கறதுக்கு முன்னாடி பாலிசியைக் கேட்டுக்கணும். சிக்கல் என்னன்னா, தயவுக்குக் கொடுக்கிற அதே சீட்டை, கடனுக்கும் கொடுத்துடறாங்க. நாமளும் ரெண்டுக்கும் தேங்க்ஸ் சொல்லிட்டு வந்துடறோம்.

நியாயமான க்ரெடிட் நோட் எப்படி இருக்கணும்னு நம்ம உச்ச நீதிமன்றமே ஒருமுறை ஸ்பெக் எழுதிக் கொடுத்திருக்கு. 2020 மார்ச் 25, லாக்டவுன். விமானங்கள் நின்றன. டிக்கெட் எடுத்தவர்களுக்குப் பல விமான நிறுவனங்கள் பணம் தராமல் 'க்ரெடிட் ஷெல்' என்று வரவு வைத்தன. பேர்தான் வேறு, சங்கதி அம்மாவின் சீட்டுதான். ரீஃபண்ட் தொகையை க்ரெடிட் ஷெல்லாக வைத்துக்கொள்வது பயணியின் விருப்பம், நிறுவனத்தின் வழக்கமாக இருக்கக் கூடாது என்று டிஜிசிஏ விதி ஏற்கெனவே இருந்தது. பிரவாசி லீகல் செல் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. 2020 அக்டோபர் 1 அன்று தீர்ப்பு.

லாக்டவுன் காலத்துப் பயணத்துக்கு லாக்டவுனிலேயே டிக்கெட் எடுத்திருந்தால் முழுப் பணமும் திரும்பத் தர வேண்டும். அதற்கு முன்பே எடுத்தவர்களுக்கும், மே 24 வரையிலான பயணம் என்றால், 15 நாளில் பணம். நிதி நெருக்கடியால் முடியாத நிறுவனம் மட்டும் க்ரெடிட் ஷெல் கொடுக்கலாம். அதற்கு வைத்த நிபந்தனைகள்தான் அழகு. பயணி தானே பயன்படுத்தலாம், வேறு யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போகலாம். ரத்தான நாளிலிருந்து ஜூன் 30 வரை மாதம் 0.5 சதவீதம், அதன் பிறகு மாதம் 0.75 சதவீதம் மதிப்பு ஏறிக்கொண்டே போக வேண்டும். 10,000 ரூபாய் டிக்கெட் என்றால் முதலில் மாதம் 50 ரூபாய், பிறகு 75. கடைசியாக, 2021 மார்ச் 31 வரை பயன்படுத்தாவிட்டால்? காலாவதி கிடையாது. பணம் பயணியிடம் திரும்ப வேண்டும்.

அம்மாவோட சீட்டுல தேதி வந்ததும் பணம் கடைக்குப் போகுது. கோர்ட் எழுதின சீட்டுல தேதி வந்ததும் பணம் வாங்கினவருக்கு வருது. எக்ஸ்பயரின்னு ஒரே வார்த்தை, திசைதான் வேற. என் பணத்தை நீ வெச்சிருக்கிற வரைக்கும் அது கடன், கடனுக்கு வட்டி உண்டு. இதைச் சொல்லித்தர நம்ம பாட்டிங்களுக்கு கோர்ட் தேவைப்பட்டிருக்காது.

அப்புறம் 2024 அக்டோபர். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலா நிறுவனத்துக்கு ஒரு உத்தரவு போட்டது. பயணத்தில் குறை என்று புகார் செய்தவர்களுக்கு அடுத்த சவாரிக்கான கூப்பன் மட்டும்தான் கிடைத்துக்கொண்டிருந்தது. வங்கிக் கணக்கில் பணமா, கூப்பனா என்று தேர்ந்தெடுக்கிற வசதியை வாடிக்கையாளருக்குக் கொடு என்றது ஆணையம். ஒரு ரேடியோ பட்டன். எங்க ஆபீஸ்ல கேட்டா அரை நாள் வேலைன்னு எஸ்டிமேட் கொடுப்பாங்க.

சரி, அம்மா கதைக்கு வருவோம். திங்கட்கிழமை ரெண்டு பேருமா கடைக்குப் போனோம். மேலாளர் ரொம்ப மரியாதையானவர். காபி வேணுமான்னு கேட்டார். நான் 2(47) பிரிவை பிரிண்ட் எடுத்துட்டுப் போயிருந்தேன். அவர் அதை முழுசா படிச்சார். படிச்சுட்டு, "சார், உங்களுக்காக ஸ்பெஷலா 30 நாள் எக்ஸ்டெண்ட் பண்ணித் தர்றேன்"ன்னு சொல்லி, அதே 8,450-க்குப் புதுசா ஒரு க்ரெடிட் நோட் அடிச்சு நீட்டினார்.

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அம்மா கேட்டாங்க: "தம்பி, நான் உங்ககிட்ட சீட்டு கொடுக்கலியே. பணமாத்தானே கொடுத்தேன்?"

"அது பாலிசிம்மா"ன்னு சொன்னார். அவரைக் குத்தம் சொல்லி என்ன பண்ண, அவரும் மாசச் சம்பளக்காரர்தான். அவருக்குச் சம்பளம் டோக்கனா வர்றதில்லைன்னு மட்டும் நினைச்சுக்கிட்டேன்.

நாங்க அந்தப் புது நோட்டை வாங்கலை. உங்களுக்கு இப்படி வந்து, வேற வழியில்லாம வாங்க வேண்டியிருந்தா, கடை பிரதியில 'பணம் கேட்டேன், மறுத்தார்கள், ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்'ன்னு எழுதிட்டு வாங்குங்க. இல்லாட்டி, விஷயம் அப்பவே முடிஞ்சுபோச்சுன்னு பின்னாடி அவங்க வாதாடலாம். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஃபோன் பண்ணி புகார் பதிஞ்சோம். கடைக்குப் பதிவுத் தபால்ல கடிதம் போட்டு 15 நாள் டைம் கொடுத்திருக்கோம். பதில் வரலைன்னா மாவட்ட ஆணையம். ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்கணும்னு கட்டாயமில்லை, கடை எங்க இருந்தாலும் நாம வசிக்கிற மாவட்டத்திலேயே போடலாம். இந்தக் கடைசி வசதியும் 2019-ல வந்ததுதான்.

இன்னிக்குப் பத்தாவது நாள். புகார் மனுவை நான் டைப் பண்ணி வெச்சுட்டேன். அம்மா அதைப் படிச்சுட்டு, 'தேதியைப் பார்க்கத் தவறிவிட்டேன்'னு நான் எழுதியிருந்த வரியை மட்டும் பேனாவால அடிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டாங்க. பழைய க்ரெடிட் நோட்டை மூணு ஜெராக்ஸ் எடுத்து பீரோவுல வெச்சிருக்காங்க. ஒரிஜினல்ல இப்போ கடை பேரும் தொகையும்தான் தெரியுது. தேதி இருந்த இடம் வெள்ளையா இருக்கு.